இரண்டு கை உப்பு

பேசாமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. இரண்டு பேர் பேசாமல் ஒரே அடுப்பில் சமைப்பதுதான் காரியம். அண்ணியும் குட்டியும் அதை மூன்றாவது வாரமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இவர்கள் எப்போதுதான் பேசுவார்கள் என்று பொறுமை இழந்து நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீட்டுத் தையல்காரர் உங்களைவிட நொந்துபோயிருந்தார். ஒருத்திக்கு மாமனார், இன்னொருத்திக்கு அப்பா. முன்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூது அனுப்பினால் ஒரு காலர் எப்படி நேராக வரும்?

"மாமா, பூண்டு உரிச்சாச்சான்னு கேளுங்க."

"அப்பா, உரிச்சு அவங்க கைக்குப் பக்கத்துலதான் வச்சிருக்குன்னு சொல்லுங்க."

இரண்டு குரலும் ஒரே அடுக்களையிலிருந்துதான் வரும். நடுவில் ஒரு முழ தூரம்கூட இருக்காது.

குட்டிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் கடைசிப் பெண் என்பதால் வீட்டில் என்றைக்கும் குட்டிதான். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் ஒரே வசனம்தான் தெரியும்: "உங்கப்பா வீட்டுக்குப் போ." கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் குட்டி போய்விட்டாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் அண்ணியின் தொழிலில் தானும் இறங்கினாள். கரண்டி பிடித்த கை இரண்டு நான்கானது. எல்லாம் நன்றாகத்தான் போனது, பக்கத்து வீட்டுக்காரி வந்து அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை. "இவ்வளவு ஆர்டரையும் ரெண்டு பேரும் எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள். அண்ணி ஏதோ நினைப்பில், "என் அடுப்பு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

என் அடுப்பு. போக்கிடம் இல்லாமல் வந்தவளின் நெஞ்சில் அது முள்ளாய்த் தைத்தது. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் சமையல் நிற்கவில்லை. அதனால் யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே அந்த அடுக்களையில் ஒரு சைகைப் பாஷை வளர்ந்தது. கரண்டி வாணலியின் குறுக்கே கிடந்தால், கிளறாதே என்று அர்த்தம். தொண்டையைக் கனைத்தால், தீயைக் குறை. உப்பு போட்டாயிற்று என்றால் உப்பு டப்பாவின் மூடியை மல்லாக்க வைத்துவிட வேண்டும். மூடி ஒழுங்காக மூடியிருந்தால் இன்னும் போடவில்லை. ஊமைகள்கூட இவ்வளவு கச்சிதமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

குட்டிக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது.

அண்ணியின் கணவன், அதாவது குட்டியின் அண்ணன், வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருக்கிறான். இந்த வாரத் தொடக்கத்தில் போன் செய்தபோது அவன் குரல் கறாராக இருந்தது.

"அந்த பிரஸ் ஆர்டர் கிடைச்சா குட்டி அங்கேயே இருக்கட்டும். கிடைக்கலைன்னா மாப்பிள்ளையோட அனுப்பி வச்சுடலாம். எத்தனை நாளைக்குத்தான் இப்படி? நாலு பேர் கேக்கறாங்க."

"அந்த நாலு பேர் வந்து நமக்குச் சோறு போடறாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்று போனை வைத்துவிட்டான்.

அண்ணி இதை யாரிடமும் சொல்லவில்லை. தன்னோடு பேசாதவளுக்காகத் தான் மன்றாடுகிறோம் என்பது வெளியே தெரிந்தால் கௌரவம் என்ன ஆவது? ரோஷத்தில் அண்ணியும் இளைத்தவள் இல்லை.

அந்த ஆர்டர் முடிவாகும் நாள் இன்றுதான்.

மூன்று தெரு தள்ளி இருக்கும் அச்சகம் அது. மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். "ஒரு நாள் எல்லாருக்கும் கொண்டு வாங்க, சாப்பிட்டுப் பாக்கறோம். சோறும் பருப்பும் எல்லாரும்தான் போடறாங்க. நான் காயைத்தான் பாப்பேன். இதுக்கு முன்னாடி இருந்தவர் காயைத் தண்ணியில வேகவச்சுத் தண்ணியோடவே கொண்டு வருவார். எங்க ஆளுங்களுக்குப் பல் இருக்குங்கறதே மறந்துபோச்சு."

ஆகவே பீன்ஸ். சாய்வாக நறுக்கி, பூண்டு போட்டு, மிளகு தூவி, கடைசியில் எலுமிச்சை பிழிந்த பீன்ஸ் வதக்கல். பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் வேறெங்கும் பார்க்கக் கூடாது. வாணலி நன்றாகக் காய வேண்டும். மூடி போடக் கூடாது, தண்ணீர் தெளிக்கவே கூடாது. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முந்திக்கொண்டு போட்டால் காய் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். முன்கூட்டியே செய்தும் வைக்க முடியாது, பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். அதனால் சோற்றையும் பருப்பையும் கட்டி முடித்து, வண்டிக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் பெரிய வாணலி அடுப்பேறியது.

குட்டி எண்ணெய் ஊற்றினாள், பூண்டைப் போட்டாள். வாசனை எழுந்ததும் பீன்ஸைக் கொட்டினாள். சடசடவென்று சத்தம் கிளம்பியது. அண்ணி சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

காய் பளபளவென்று பச்சை ஏறி, ஓரங்களில் இலேசாகச் சிவந்தது. குட்டி உப்பைப் போட்டாள். மூடியை மல்லாக்க வைத்தாள். அடுப்பை அணைத்து, கரண்டியை வாணலியின் குறுக்கே வைத்துவிட்டு, எலுமிச்சை பறிக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் தண்ணீர் குடிக்க வந்தார்.

அவர் ஒழுங்குக்காரர். தரையில் ஒரு நூல் கிடந்தால் தூக்கம் வராது. கத்தரிக்கோல் வாய் திறந்து கிடந்தால் கை தானாகப் போய் மூடும். தூது போய்க் களைத்த அந்த மனிதருக்கு அடுக்களையின் சைகைப் பாஷையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. உப்பு டப்பாவின் மூடி மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார். நாக்கைச் சொடுக்கிக்கொண்டு, அதை எடுத்துப் பதவிசாக மூடிவைத்தார். கரண்டியையும் எடுத்துத் தட்டில் வைத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அண்ணி திரும்பி வந்தாள். காய் பதமாக இருந்தது. மூடி மூடியிருந்தது. இவ்வளவு நேரம் என்ன செய்தாளாம் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். மூடியை மல்லாக்க வைத்தாள்.

எலுமிச்சையோடு வந்த குட்டி, பதம் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டாள்.

அவள் முகம் போன போக்கை அண்ணி பார்த்தாள். குட்டி இன்னொரு துண்டைக் கரண்டியில் எடுத்து அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி கடித்தாள். கடல் தண்ணீர் தேவலை.

"நீங்க உப்பு போட்டீங்களா?" என்றாள் குட்டி.

"நீ போட்டியா?" என்றாள் அண்ணி.

மூன்று வாரத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான். அதைக் கொண்டாடும் நிலையில் இருவருமே இல்லை. இரண்டு தலைகளும் ஒன்றாக முன்னறைப் பக்கம் திரும்பின. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மூடி மல்லாந்து கிடந்துச்சு" என்றார். "நான்தான் சரியா வச்சேன். ஏன், என்ன?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது இந்த வீட்டில் அன்றைக்கு நடந்தது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"வெந்நீர்ல அலசிடலாம்" என்றாள் குட்டி.

"அலசினா துவண்டுடும். அவர் எதை வேண்டாம்னு சொன்னாரோ அதையே கொண்டுபோய் நீட்டச் சொல்றியா?"

"சரி, அப்ப விடுங்க. உங்க அடுப்பு, உங்க ஆர்டர். போனா உங்களுக்குத்தானே போகுது."

அண்ணிக்கு வந்ததே கோபம். அடக்கி வைத்ததெல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

"எனக்கு என்னடி போகுது? இந்த ஆர்டர் இல்லைன்னா நான் பழைய ஆர்டரை வச்சுக்கிட்டு இங்கேயேதான் இருப்பேன். உன்னைத்தான் அனுப்பிடுவார் உங்கண்ணன். மாப்பிள்ளையோட அனுப்பறேன்னு போன்ல சொல்லிட்டார். இது கிடைச்சாத்தான் நீ இங்க இருக்கலாம்."

குட்டி கையில் எலுமிச்சையோடு நின்றாள்.

"இதை ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீதான் என்கிட்டப் பேசறதில்லையே."

"அப்ப, இந்த பிரஸ் பின்னாடி நீங்க இத்தனை நாளா அலைஞ்சது?"

"வேற யாருக்காக அலைஞ்சேன்? எனக்கு வேலை பத்தலைன்னா?" அண்ணியின் குரல் இறங்கியது. "அன்னைக்கு வாய் தவறி வந்துடுச்சு. அது என் அடுப்பு இல்லை. நீ வந்தப்புறம்தான் அது ஒழுங்கா எரியுது. போதுமா?"

குட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கத்தான் நேரமில்லை. ஹாரன் மறுபடியும் அலறியது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாணலியைப் பார்த்தாள், காய்க் கூடையைப் பார்த்தாள். அதில் நாளைக்கென்று வாங்கிய முட்டைகோஸும் கேரட்டும் இருந்தன.

"அண்ணி, நாம ரெண்டு பேர் உப்பு போட்டிருக்கோம்" என்றாள். "அப்ப ரெண்டு பேர் காயும் போடணும். இதே அளவுக்கு உப்பில்லாத காய் சேர்ந்தா சரியாப் போயிடும். கோஸ் மூணு நிமிஷத்துல வதங்கிடும்."

அண்ணி அவளை ஒரு கணம் பார்த்தாள். அடுத்த கணம் இன்னொரு வாணலி அடுப்பேறியது.

"மாமா, இங்க வாங்க. கை கழுவிட்டு வாங்க."

"மறுபடியும் தூதா?" என்றார் தையல்காரர்.

"தூதெல்லாம் முடிஞ்சுபோச்சு. கோஸ் நறுக்கணும்."

ஆளுக்கொரு கத்தி. அண்ணி கேரட்டை மெல்லிய குச்சிகளாகச் சீவினாள். தையல்காரர் முட்டைகோஸை இரண்டாகப் பிளந்து, ஒரே அகல நாடாக்களாக நறுக்கித் தள்ளினார். ஆயுள் முழுக்கத் துணியை நேராக வெட்டிய கைக்குக் கோஸ் எம்மாத்திரம்? "ஓரம் அடிச்சுத் தரவா?" என்று வேறு கேட்டார். மூன்று வாரமாக அந்த அடுக்களையில் யாரும் சிரித்ததில்லை. இப்போது மூன்று பேரும் சிரித்தார்கள்.

குட்டி அடுப்பை விட்டு நகரவில்லை. புகை கிளம்பும் அளவுக்கு வாணலியைக் காயவைத்து, முதலில் கேரட்டையும் பிறகு கோஸையும் போட்டுப் புரட்டினாள். தோளில் இருந்து கை சுழன்றது. கோஸ் மெத்தென்று ஆகுமுன், கடித்தால் சத்தம் வரும் பதத்திலேயே, பீன்ஸை அதன்மேல் கொட்டிக் கலந்தாள். மிளகைத் தூவி எலுமிச்சையைப் பிழிந்தாள். உப்பு டப்பாவை அண்ணி எடுத்து அலமாரியின் மேல்தட்டில் கண்ணில் படாமல் வைத்தாள்.

"வாயைத் திற" என்று குட்டிக்கு ஊட்டினாள். குட்டி மென்றாள்.

"சொல்லேன்."

"அண்ணி, வண்டியில ஏறுங்க" என்றாள் குட்டி. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

அச்சகத்தில் மை வாசனை பசியைத் தின்றுவிடும் போலிருந்தது. காகிதம் வெட்டும் இயந்திரம் அப்போதுதான் ஓய்ந்தது. ஆட்கள் சோப்புத் தூள் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். அப்படியும் நகக்கண்ணில் நீலமும் கருப்பும் போகவில்லை. பிழையாக அச்சான தாள்களை நீள மேஜைமேல் விரித்திருந்தார்கள். தட்டு வைத்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் தலைகீழாக எழுத்து.

குட்டியும் அண்ணியும் பரிமாறினார்கள். மேலாளர் முதல் ஆளாக உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை. ஒரு பீன்ஸ் துண்டை எடுத்து இரண்டு விரலால் வளைத்தார். அது வளையாமல் பட்டென்று ஒடிந்தது. வாயில் போட்டுக்கொண்டார்.

"பீன்ஸ் மட்டும்தானே சொன்னீங்க" என்றார். "கோஸ், கேரட்டெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணி ஒரு கௌரவமான காரணத்தை யோசிப்பதற்குள் குட்டி முந்திக்கொண்டாள்.

"பீன்ஸ்ல உப்பு ரெண்டு தடவை விழுந்துடுச்சு சார். அதான் இதைச் சேர்த்தோம்."

அண்ணி மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். மேலாளர் மென்றுகொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜை முழுக்க ஒரே மெல்லும் சத்தம். பல் இருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலும்.

கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த பைண்டர்தான் முதலில் தட்டை நீட்டினார். "காய் இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது. ஒரு மடங்கு செய்ய வேண்டியது இரு மடங்காகியிருந்ததே. பைண்டரைப் பார்த்துப் பக்கத்து ஆள் நீட்டினார், அவரைப் பார்த்து எதிர்வரிசை நீட்டியது. மேலாளர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மூன்றாம் முறை, கேட்கக் கூச்சப்பட்டு, தட்டை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். சோறு பாதி மீந்தது. காய்ப் பாத்திரத்தில் பூண்டுத் துணுக்குகூட இல்லை.

கை கழுவிவிட்டு வந்தவர், "திங்கள்கிழமையிலேருந்து ஆரம்பிச்சுடுங்க" என்றார். "பேச்சுவார்த்தை எல்லாம் யாரோட வச்சுக்கணும்?"

"அண்ணியோட" என்றாள் குட்டி.

"இவளோட" என்றாள் அண்ணி.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா."

"ரெண்டு பேரோடயும்தான்" என்றாள் அண்ணி. "நாங்க எல்லாத்தையும் பேசிப் பேசித்தான் செய்வோம்."

குட்டி தலையைக் குனிந்துகொண்டு காலிப் பாத்திரத்தைப் பலமாகத் தேய்த்தாள். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

திரும்பும் வண்டியில் காலிப் பாத்திரங்கள் கடகடத்தன. அதற்கு மேல் இவர்கள் இருவர் குரலும் கேட்டது. மூன்று வாரப் பேச்சு பாக்கி இருந்ததே. பக்கத்து வீட்டுக்காரி புதிதாக வாங்கிய மிக்ஸி, பூண்டு விற்கிற விலை, தையல்காரர் ஒரு சட்டைக்கு ஒரே பக்கக் கைகளாக இரண்டு தைத்துவிட்டு ஒருநாள் முழுக்க மறைத்தது என்று ஒன்றுவிடாமல் பேசித் தீர்த்தார்கள். வண்டிக்காரர் தெரு முனையில் திரும்ப மறந்து நேராகப் போய்விட்டார். அண்ணிக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆர்டர் கிடைத்ததைவிட, பக்கத்தில் ஒருத்தி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வழியிலேயே கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஆர்டர் நமக்குத்தான். உங்க தங்கச்சி இங்கதான் இருப்பா. சொன்ன பேச்சு மாறக் கூடாது."

மறுமுனையில் தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "அது வந்து... எப்படியும் கிடைக்காதுன்னு நினைச்சேன். மாப்பிள்ளைக்கு நேத்தே போன் பண்ணிட்டேன்."

அண்ணி போனை இறக்கினாள். குட்டி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். வண்டி வீட்டு வாசலில் நின்றபோது, வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

முன்னறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எதிரே தையல்காரர் தலை நிமிராமல் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் ஏற்கெனவே இருந்தது.

"வாங்கண்ணா" என்றாள் அண்ணி. அவள் கண் மாப்பிள்ளையின் காலடிக்குப் போனது. கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெரிய பெட்டிகள் அங்கே இருந்தன. மனைவியை அழைத்துப் போக வந்த மனுஷன் எதற்கு இவ்வளவு மூட்டை முடிச்சோடு வர வேண்டும்?

மாப்பிள்ளை எழுந்தார். "உங்கண்ணன் போன் பண்ணினார்..."

"தெரியும்" என்றாள் குட்டி. "திங்கள்கிழமையிலேருந்து எனக்கு பிரஸ்ல வேலை. இருபது பேருக்குச் சாப்பாடு. நான் எங்கேயும் வரலை."

"இல்லை, நான் கூட்டிட்டுப் போக வரலை. நானும் இங்கேயே தங்கலாமான்னுதான் வந்தேன். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

முன்பு இந்த மனிதர் எழுந்து நின்றாலே குட்டி ஓரடி பின்னால் போவாள். இன்று பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குள் போய் மிச்சமிருந்த கேரட்டையும் ஒரு கத்தியையும் தட்டில் கொண்டு வந்து, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"இங்க சாப்பிடறதா இருந்தா, முதல்ல இதை நறுக்குங்க" என்றாள். "நறுக்கிக்கிட்டே சொல்லுங்க. எங்களுக்கு வேலை இருக்கு."

மாப்பிள்ளை பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கத்தியை எடுத்தார்.